கை கொடு பட்டன்

ஜூன் 2, திங்கள்

இது போன வருடத்து டைரி. என் மனைவி பொன்செல்வியின் வங்கியில் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சியது. அச்சில் இன்று ஞாயிறு என்று இருக்கிறது. அடித்துவிட்டுத் திங்கள் என்று எழுதியிருக்கிறேன். காகிதத்தை வீணாக்குவது எனக்கு ஆகாது.

எழுதச் சொன்னவன் ரிஸ்வான். எங்கள் கம்பெனியின் ஓட்டல் விளையாட்டு 'அடுப்படி அதகளம்' இன்றுமுதல் ஆறு வாரம் வெளியாட்களிடம் சோதனைக்குப் போகிறது. ஐந்நூறு பேர் போனில் ஆடிப் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். அதைப் படித்து, தரம் பிரித்து, பதில் எழுதி, சரியில்லாததைத் திருத்த வேண்டும். "மனசுல தோணறத தினமும் ஒரு நோட்டுல குறிச்சு வைங்ணா" என்றான். அவனுக்கு இருபத்தெட்டு, எனக்கு முப்பத்தாறு. அவன்தான் எனக்கு மேலே. பரவாயில்லை, மரியாதை தெரிந்தவன்.

விளையாட்டில் ஓட்டல் நடத்தும்போது நடுநடுவே குட்டி ஆட்டங்கள் வரும். பார்சல் கட்டுவது, காபி ஆற்றுவது, கை கழுவுமிடத்தில் கூட்டத்தைச் சமாளிப்பது. எல்லாமே தள்ளுமுள்ளு. 'ஜோடிக் கல்' மட்டும் நான் தனியாகச் செய்தது. இரண்டு பேர், ஆளுக்கொரு போன், நடுவில் ஒரே தோசைக்கல். இடது பாதி ஒருவருக்கு, வலது பாதி மற்றவருக்கு. எட்டு மேசையிலிருந்து ஆர்டர் வந்து விழும். கூட ஆடுபவர் திணறினால் 'கை கொடு' என்ற பட்டனை அமுக்கலாம். உங்கள் கை நீண்டு போய் அவர் பக்கத்துத் தோசையைத் திருப்பிவிடும். இந்தப் பட்டன் முழுக்க முழுக்க என் மூளையில் உதித்தது.

வெளியே விடுவதற்கு முன் ஒவ்வோர் ஆட்டத்தையும் இரண்டு பேர் இருபது மணி நேரம் ஆடியிருக்க வேண்டும். சின்னக் கம்பெனி, அதனால் வீட்டு ஆளையே இரண்டாவது சோதனையாளராகப் போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். ரிஸ்வானுக்கு அவன் அக்கா. எனக்குப் பொன்செல்வி. படிவத்தில் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்.

அவள் பிப்ரவரியிலிருந்து தூத்துக்குடிக் கிளையில் இருக்கிறாள். மாற்றல். அவளுடைய பழைய போன் இங்கேதான் கிடக்கிறது. அதில் அவள் பெயரில் கணக்கும் இருக்கிறது. ஆடியது அந்தப் போன்தான், அதனால் எழுதியது பொய் என்று சொல்ல முடியாது.

ஜூன் 3, செவ்வாய்

அவள் போன பிறகும் நான்கு மாதமாக இரண்டு பாக்கெட் பால் வருகிறது. பால்காரரிடம் ஒன்று போதும் என்று சொல்ல வேண்டும். இரண்டாவதைத் தயிராக்குகிறேன். வீட்டில் ஏகப்பட்ட தயிர்.

ஜூன் 5, வியாழன்

முதல் கட்டுக் கருத்துகள் வந்துவிட்டன. காபி ஆற்றும் ஆட்டத்துக்குக் கைதட்டல். ஜோடிக் கல்லுக்கு ஐந்தில் 2.1.

சிலவற்றை இங்கே எழுதி வைக்கிறேன், வயிற்றெரிச்சல் தீரட்டும்.

"நானும் எங்க வீட்டுக்காரரும் ஆடினோம். மூணாவது மேசையில சண்டை. இப்ப அவரு மொட்டை மாடியில ஒக்காந்திருக்காரு. ஒரு ஸ்டார்."

"கை கொடு பட்டனைக் கண்டுபிடிச்ச மகராசன் கையைக் காட்டச் சொல்லுங்க. ஒரு தட்டு தட்டணும்."

"என் ஃப்ரெண்டு அமுக்கிக்கிட்டே இருக்கான். எனக்கு வேலையே இல்ல. நான் பாட்டுக்கு வேடிக்கை பாக்கறேன்."

உதவி செய்தால் கசக்கிறது இந்த ஜனங்களுக்கு! ஒவ்வொருவருக்கும் 'உங்கள் மேலான கருத்துக்கு நன்றி' என்று பதில் போட்டேன்.

படிவத்தின் கடைசிக் கேள்வி: மீண்டும் ஆடுவீர்களா? ஆம், இல்லை, தெரியாது. 'தெரியாது' என்பவர்களை நாங்கள் 'இல்லை' என்றுதான் கணக்கில் சேர்ப்போம். போன விளையாட்டின்போது நான் போட்ட விதி அது. தெரியாது என்று சொல்கிறவர் திரும்பி வந்ததே கிடையாது. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லக் கூச்சம், அவ்வளவுதான்.

ஜூன் 9, திங்கள்

ரிஸ்வான் போன் செய்தான். ஜூலை 11க்குள் 3.5 வராத ஆட்டங்களைத் தூக்கிவிட்டுத்தான் வெளியிடப் போகிறார்களாம். இப்போதைக்கு அந்தப் பட்டியலில் இருப்பது ஜோடிக் கல் ஒன்றுதான்.

"ஏங்ணா, அண்ணி ஆடறப்ப இந்தப் பிரச்சினை வரவே இல்லீங்களா?"

"இல்லையே. நாங்க ஒரு தடவைகூடத் தோக்கல" என்றேன்.

அது உண்மை. சமையல் மேடையில் இரண்டு போனையும் பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்து, இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று. எட்டு மேசையும் அசராமல் போகும். அது ஓர் அழகு. இடது கை என்ன செய்யப் போகிறது என்று வலது கைக்கு முன்னாலேயே தெரியும்.

எட்டு மாதம் செய்த ஆட்டம். இதைத் தூக்கிவிட்டால் அந்த எட்டு மாதமும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். எனக்கு மட்டும் தெரியும்.

ஜூன் 10, செவ்வாய்

அம்மா பேசினாள். "செல்வி எப்போ வாராளாமா கண்ணு?" லீவு கிடைத்ததும் வருவாள் என்றேன். பால்காரரிடம் இன்றும் சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

வீடு துடைத்தேன். மின்விசிறி துடைத்தேன். அவளுடைய செருப்பு அலமாரியையும் துடைத்தேன், செருப்பு ஏதும் இல்லாவிட்டாலும் தூசு சேரத்தானே செய்கிறது.

கல்யாணமாகி மூன்று வருடத்தில் பொன்செல்வி ஒரு தடவைகூட சிலிண்டர் பதிவு செய்ததில்லை, கரண்ட் பில் கட்டியதில்லை, வண்டிக்குக் காற்று அடித்ததில்லை. எல்லாம் நான். வங்கியில் பதவி உயர்வுத் தேர்வுக்கு விண்ணப்பம் வந்தபோது அதையும் நானே நிரப்பி, அவள் குளித்துவிட்டு வருவதற்குள் அனுப்பியும் வைத்தேன். அவள் எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாளாம். யோசிக்கிற சிரமமும் மிச்சம் அல்லவா?

அவள் ஊர் மீன்குழம்பு வைக்கும்போது மட்டும் அடுப்பு அவளுடையது. அவள் கரண்டி போடாமல் சட்டியைத் தூக்கிச் சுழற்றுவாள். கொட்டிவிடுமோ என்று எனக்குப் பதறும். "தள்ளு, நான் பண்றேன்" என்று வாங்கிக்கொள்வேன். கரண்டி போட்டால் மீன் உடைந்துவிடும் என்பாள். ஒன்றிரண்டு உடைந்திருக்கலாம்.

ஊரில் எத்தனை வீட்டில் ஆம்பிளை அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை? கேட்டால் தெரியும்.

ஜூன் 18, புதன்

2.3. தோசை வேகும் நேரத்தை இரண்டு விநாடி கூட்டிப் பார்த்தேன். ஆர்டரைக் குறைத்துப் பார்த்தேன். பலன் சுழியம்.

ஜூன் 19, வியாழன்

இன்று வந்த ஒரு கருத்தை முழுக்க எழுதுகிறேன். ஆடியவர் தனக்கு வைத்திருக்கும் பெயர் கொத்துக்கரண்டி77.

"நானும் என் தங்கச்சியும் இருபது தடவை தோத்தோம். அவ கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. அப்புறம் ரெண்டு போனையும் நானே வச்சு, ரெண்டு கையாலயும் ஆடிப் பாத்தேன். முதல் தடவையே ஜெயிச்சேன். அப்பத்தான் புரிஞ்சுது. இது ரெண்டு பேரு ஆடற ஆட்டம் இல்ல. ஒரே ஆள் ரெண்டு கையால ஆடிப் பாத்து அளவு வச்சிருக்காரு. இதைச் செஞ்சவர் கூட யாருமே இல்ல போல. பாவம்."

பாவமாம்! யாரைப் பார்த்து?

பதில் எழுதி அழித்தேன். மூன்று தடவை. 'எங்கள் ஆட்டங்கள் அனைத்தும் இரு சோதனையாளர்களால் முறையாக' என்று தொடங்கினால் அதற்கு மேல் கை ஓடவில்லை. கடைசியில் 'உங்கள் மேலான கருத்துக்கு நன்றி' என்றே அனுப்பினேன்.

சாப்பாட்டுக்குத் தயிர்சாதம்.

ஜூன் 20, வெள்ளி

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 23, திங்கள்

பீளமேட்டு அலுவலகத்துக்குப் போனேன். ரிஸ்வான் அந்தக் கருத்தைப் படித்திருக்கிறான். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "வாங்ணா, நாம ரெண்டு பேரும் ஒரு ரவுண்டு ஆடலாம்" என்றான்.

ஆடினோம். ஐந்து நிமிடம். ஜெயித்தோம். நான் போனை மேசையில் வைத்துவிட்டு, "பாத்தியா?" என்றேன்.

அவன் கணினியில் அந்த ஆட்டத்தின் பதிவைத் திறந்து என் பக்கம் திருப்பினான். ஐந்து நிமிடத்தில் நான் கை கொடு பட்டனை அமுக்கியது நாற்பத்தொரு தடவை. ரிஸ்வான் தன் பாதியில் தானாகத் திருப்பிய தோசை மூன்று.

"நான் ஆடவே இல்லீங்ணா. நீங்கதான் ரெண்டு பக்கமும் ஆடினீங்க."

"நீ லேட் பண்ணின. கருகிருமோன்னு..."

"கருகட்டுங்ணா! என் தோசைதான?"

பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அண்ணிகிட்ட ஒரு அஞ்சு நிமிசம் பேசணும்ணா. ரெண்டாவது டெஸ்டர் எப்படி ஆடினாங்கன்னு கேட்டாத்தான் இத எங்க திருத்தறதுன்னு தெரியும். நம்பர் குடுங்க."

"அவ பேங்க்ல பிசி. நானே கேட்டுச் சொல்றேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். தலைக்கவசத்தை அங்கேயே மறந்துவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

நாற்பத்தொன்று.

ஜூன் 27, வெள்ளி

இதை எழுதித்தான் ஆக வேண்டும். எழுதாவிட்டால் அந்த எண் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

பொன்செல்விக்கு மாற்றல் வரவில்லை. அவளாகக் கேட்டு வாங்கினாள். வாங்கிய பிறகுதான் என்னிடம் சொன்னாள். விண்ணப்பத்தை அவளே நிரப்பியிருந்தாள்.

பிப்ரவரி எட்டாம் தேதி, சனிக்கிழமை, படுக்கையறையில் பெட்டியைத் திறந்து வைத்து சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒழுங்காக மடிக்காமல் அப்படியே திணித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். பொறுக்கவில்லை. உள்ளே போய், "தள்ளு, நான் அடுக்கறேன்" என்று சொன்னேன்.

அவள் தள்ளி நின்றாள். என்னை விட்டுப் போகிறவளின் பெட்டியை நானே அடுக்கினேன். பட்டுச்சேலைக்கு நடுவே காகிதம் வைத்தேன். மருந்து, சார்ஜர், குடை எல்லாம் பக்கத்து உறையில். வேலை மும்முரத்தில் அவள் அழுவதைக்கூடக் கவனிக்கவில்லை. ஜிப் போட்டு நிமிர்ந்த பிறகுதான் பார்த்தேன். அழுதுகொண்டே சிரித்தாள்.

"ஒங்களுக்கு ரெண்டு கையே போதும். கூட ஒரு ஆளு எதுக்கு? மூணு வருசமா நான் இந்த வீட்டுல வேடிக்கதான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

கோபத்தில் சொல்கிறாள், ஒரு மாதத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ரயிலடியில் பெட்டியை நான்தான் தூக்கி வைத்தேன். போய்ச் சேர்ந்ததும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள். அதற்குப் பிறகு அவளும் அனுப்பவில்லை, நானும் அனுப்பவில்லை. அம்மாவிடம் மாற்றல் என்றேன். ரிஸ்வானிடம் மாற்றல் என்றேன். இந்த டைரியிலும் அப்படியே எழுதினேன், நான் மட்டுமே படிக்கப்போகிற டைரியில்.

கொத்துக்கரண்டி77 சொன்னதும் அவள் சொன்னதும் ஒன்றுதான். நான் தனியாக இருக்கிறேன். பிப்ரவரியிலிருந்து அல்ல, அதற்கும் முன்பிருந்தே. அவளையும் அப்படியே தனியாக வைத்திருந்தேன், பக்கத்திலேயே நின்றுகொண்டு.

ஜூன் 30, திங்கள்

ரிஸ்வானிடம் சொல்லிவிட்டேன். சோதனையாளர் 2 என்று ஒருவர் இல்லை, இருபது மணி நேரமும் நானே ஆடினேன் என்று.

நான் வேலை போய்விடும் என்றே முடிவு செய்துவிட்டேன்.

"அண்ணி?"

"ஊருக்குப் போய்ட்டா. என்னால."

"சாப்டீங்களாண்ணா?" என்றான். பிறகு, "பதினொண்ணாந் தேதி வரைக்கும் டைம் இருக்குங்ணா. ஆட்டத்தத் திருத்துங்க. இன்னொரு நிஜ ஆளோட ஆடி, அவங்க கையால நிரப்பின ஃபாரத்தக் கொண்டாங்க. இல்லைன்னா நானே எடுத்தற வேண்டி வரும், கோவிச்சுக்கக் கூடாது."

தலைக்கவசத்தையும் கொடுத்தனுப்பினான்.

ஜூலை 3, வியாழன்

கை கொடு பட்டனை எடுத்துவிட்டேன்.

நான்கே வரி நிரல். அழிக்க ஒரு விநாடி போதும். முற்பகல் முழுக்க ஆயிற்று. அதற்குப் பதிலாகத் திரையின் மூலையில் ஒரு மணி வைத்தேன், ஓட்டல் கல்லாவில் இருக்குமே, உள்ளங்கையால் தட்டுவது, அந்த மாதிரி. திணறுகிறவர் தட்ட வேண்டும். தட்டினால்தான் அடுத்தவர் தன் கையை அந்தப் பக்கம் நீட்ட முடியும். தட்டாவிட்டால் கருகினாலும் சரி, எரிந்தாலும் சரி, போக முடியாது.

ஐந்நூறு பேருக்கும் புதிய பதிப்பு போயிற்று.

இரண்டு கையால் நானே ஆடிப் பார்த்தேன். தோற்றேன். எந்தக் கை எந்தக் கையை மணி அடித்துக் கூப்பிடும்? முதல் தடவையாக ஆட்டத்துக்கு இன்னொரு ஆள் வேண்டியிருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

பொன்செல்விக்கு அனுப்பிய செய்தி, அப்படியே:

"அடுப்படி அதகளத்தில் சோதனையாளர் 2 என்று உன் பெயரைப் போட்டிருக்கிறேன். உன்னைக் கேட்காமல். நீ ஆடாமலே ஆடியதாக எழுதிவிட்டேன். தப்பு. இப்போது நிஜமாக ஒரு ஆள் ஆட வேண்டும். உனக்கு இஷ்டம் இருந்தால் மட்டும். வேண்டாம் என்றால் உன் பெயரை எடுத்துவிடுகிறேன். பூபதி."

முதலில் எழுதியதில் எப்படிப் பதிவிறக்குவது, எதை முதலில் அமுக்குவது என்று பதினோரு குறிப்பு இருந்தது. அனுப்புவதற்கு முன் எல்லாவற்றையும் அழித்தேன். அவள் வங்கி அதிகாரி. அவளுக்குத் தெரியும்.

ஜூலை 5, சனி

பதில் இல்லை. பால்காரரிடம் ஒரு பாக்கெட் போதும் என்று சொல்லிவிட்டேன். அவர், "சரிங்க" என்று மட்டும் சொன்னார். இதற்கா ஐந்து மாதம் பயந்தேன்?

ஜூலை 6, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்குப் பதில். "அனுப்புங்க. பத்து மணிக்கு ஆடுதேன். பேச மாட்டேன்."

பத்துக்கு அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி வந்தது. என் போன் என் கையில். அவள் அங்கே. பருப்பு டப்பாவில் ஒரே ஒரு போன் சாய்ந்திருந்தது.

முதல் நிமிடத்திலேயே அவள் பக்கம் ஒரு தோசை புகைய ஆரம்பித்தது. அவள் இன்னொன்றுக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். திருப்பு, திருப்பு என்று வாய்விட்டே கத்தினேன். அவளுக்கு எங்கே கேட்கும்? என் விரல் திரையில் அந்தப் பழைய பட்டன் இருந்த இடத்துக்குத் தானாகப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். தோசை கறுத்தது. கரியானது. ஐந்தாவது மேசை எழுந்து போயிற்று.

உலகம் ஒன்றும் முடிந்துவிடவில்லை. அவள் கரியைச் சுரண்டிப் போட்டுவிட்டு அடுத்ததை ஊற்றினாள்.

அடுத்தது வட்டமாக, நன்றாக வந்தது. அவளுக்கு ஒரு தாளம் பிடித்துவிட்டது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் என் பக்கம் நான்கும் ஒரே நேரத்தில் புகைய ஆரம்பித்தன. இரண்டைத் திருப்பினேன். மற்ற இரண்டும் கை எட்டவில்லை. மணி திரையின் மூலையில் இருந்தது. நானே வைத்த மணி. அதை எனக்காக நானே தட்டுவேன் என்று யோசித்ததே இல்லை.

தட்டினேன்.

ஒரு விநாடி. இரண்டு. மூன்று. வர மாட்டாள் என்றே நினைத்தேன். நான்காவது விநாடி அவள் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு வந்து, என் தோசை இரண்டையும் திருப்பிப் போட்டுவிட்டுத் திரும்பிப் போயிற்று. கண்ணில் நீர் முட்டிக்கொண்டதில் அதற்குப் பிறகு வந்த ஆர்டர் எதையும் சரியாகப் பார்க்கவில்லை.

தோற்றோம். எட்டில் ஐந்து மேசைதான் கைக்கு வந்தது. ஜோடிக் கல்லில் பொன்செல்வியும் நானும் தோற்றது இதுதான் முதல் தடவை. ஆடியதும் இதுதான் முதல் தடவை.

பச்சைப் புள்ளி அணைந்தது.

ஜூலை 8, செவ்வாய்

3.2. ஏறுகிறது. மொட்டை மாடிக்காரரின் மனைவி மறுபடி எழுதியிருக்கிறார்: "இப்ப அவரு மணி அடிச்சாத்தான் நான் போறேன். அடிக்கவே மாட்டேங்கறாரு, வீம்பு. நல்லாருக்கு. நாலு ஸ்டார்."

ஜூலை 10, வியாழன்

பொன்செல்வியின் படிவம் வந்தது. அவளே நிரப்பியது.

மதிப்பெண்: 3.

எது பிடித்தது? "என் தோசை கருகினது. நானே கருக்கினேன். யாரும் வந்து பிடுங்கல."

எது பிடிக்கவில்லை? "மணிச் சத்தம் காதைக் கிழிக்கு."

வேறு ஏதேனும்? "அந்தப் பட்டனை முன்னாடியே எடுத்திருக்கலாம்."

மீண்டும் ஆடுவீர்களா? "தெரியாது."

நான்கைந்து தடவை படித்துவிட்டுத் துணி காயப்போடப் போனேன். பாதித் துணியில் திரும்பி வந்து இன்னொரு தடவை படித்தேன்.

ஜூலை 11, வெள்ளி

3.6. ஜோடிக் கல் பிழைத்தது. அலுவலகத்தில் கேசரி வாங்கிக் கொடுத்தார்கள். கொத்துக்கரண்டி77க்கு இன்று ஒழுங்காக ஒரு பதில் எழுதினேன்: "நீங்கள் சொன்னது சரி. தனியாகத்தான் செய்தேன். தங்கச்சியைக் கூப்பிட்டு மறுபடி ஆடிப் பாருங்கள்."

மாலையில் ரிஸ்வான் என் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிக் கணக்கைச் சரிபார்த்தான். பொன்செல்வியின் படிவம் வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தான்.

"தெரியாதுன்னு போட்டிருக்காங்ணா. வழக்கம்போல இல்லைன்னு சேத்தறட்டுங்களா?"

"வேண்டாம். தனியா ஒரு பத்தி போடு. தெரியாதுன்னா தெரியாதுதான்."

"ரூல் நீங்க போட்டதுதானுங்ணா?"

"ஆமா. தப்பாப் போட்டுட்டேன்."

அவன் புதிதாக ஒரு பத்தியைத் திறந்து, அதில் ஒன்று என்று போட்டான்.

வீட்டுக்கு வந்து அவளுக்கு ஒரு செய்தி எழுதத் தொடங்கினேன். எப்போது லீவு, எந்த ரயில், நானே டிக்கெட் போடட்டுமா என்று விரல் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் அழித்தேன். "படிவம் வந்தது. நன்றி. மணிச் சத்தத்தைக் குறைத்துவிட்டேன்" என்று மட்டும் அனுப்பினேன்.

என் மணியை நான் ஒரு தடவை அடித்தாயிற்று. அவளும் வந்தாள். இனி அவள் பக்கத்து மணி. அவள் அடித்தால் போவேன். அடிக்காவிட்டால் இங்கேயே இருப்பேன், அவள் பெட்டியைத் தொடாமல்.

மீன் வாங்கி வந்திருக்கிறேன். கரண்டி போடாமல் சட்டியைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். கொட்டினால் துடைத்துக்கொள்ளலாம்.